புதன்கிழமை ராத்திரிக் கோழி

“எப்படி வெட்டட்டும்?” என்று கோழிக்கடைக்காரர் கேட்பார். “குழம்புக்குத்தான் பாய், சின்னதாப் போடுங்க” என்று பழக்கத்தில் சொல்லிவிடுவோம். கத்தி கட்டையில் படபடவென்று இறங்கும். எலும்பும் கறியுமாகத் துண்டுகள் பைக்குள் விழும். அன்றைய ராத்திரி அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறோம் என்பது அந்த ஒரு பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. சின்னத் துண்டுகளைச் சுட முடியாது. எலும்பு குறுக்கே நிற்கும், ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. குழம்புதான் வைக்க வேண்டும். குழம்பென்றால் வெங்காயம் உரிக்க வேண்டும், தக்காளி நறுக்க வேண்டும், வதக்க வேண்டும், அரைக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் அதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். அம்மா எங்களோடு இருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். வார நடுவில் ஒரு நாளாவது வீட்டில் சமைத்த கறிச் சாப்பாட்டை எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் புதன்கிழமை ஏற்பாடு தொடங்கியது. அதற்காக அடுப்படியில் நான் முதலில் மாற்றியது எதுவும் இல்லை. கடையில் சொல்லும் வாக்கியத்தை மாற்றினேன். “லெக் போன்லெஸ் முக்கால் கிலோ பாய். தடிச்ச இடத்துல கீறி, தட்டையா விரிச்சுக் கொடுங்க.”

இவ்வளவுதான். விரித்த அந்தக் கறியைக் கிரில் செய்தால், அடுப்பில் ஏறியதிலிருந்து தட்டுக்கு வரும்வரை இருபது நிமிடம். கிரில் என்ற சொல்லைக் கேட்டதும் ஓவனும் கரியடுப்பும் நினைவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நான் இதைச் சுடுவது தோசைக்கல்லில்.

அம்மாவின் முக்கால் மணி நேரம்

முதல் வாரம் அம்மா சாப்பிடவில்லை. “பத்து நிமிஷத்துல கோழி வெந்துடுமாடா? எங்க காலத்துல முக்கால் மணி நேரம் வேகும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் சமைத்துப் பழகியது நாட்டுக்கோழி. அது தோட்டத்தில் ஓடி, கிளறி, பறந்து, நான்கைந்து மாதமாவது வளர்ந்த பிறகுதான் சட்டிக்கு வரும். உழைத்த தசையில் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கும். அது இளக நேரம் வேண்டும், நீர் வேண்டும். நம் குழம்புகள் அந்தக் கோழிக்காக உண்டானவை.

இன்று பல்லடம், உடுமலை வட்டாரப் பண்ணைகளிலிருந்து வண்டியேறி வரும் பிராய்லர் வேறு பிறவி. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவை ஒட்டி வளர்ந்துவிடுகிறது. தசை இளசு. அதையும் நாட்டுக்கோழி நினைப்பிலேயே நாலு விசில் விட்டால் நெஞ்சுக்கறி நாராகப் பிரிந்து, வாயில் பஞ்சாக உருளும். கோழி மாறிவிட்டது, நம் கை இன்னும் மாறவில்லை. “பிராய்லர்ல ருசியே இல்லை” என்று சொல்லும் வீடுகளில் பாதி, அதை அளவுக்கு மேல் வேகவைக்கும் வீடுகள் என்பது என் எண்ணம். இளசான கறிக்கு உகந்தது குறைந்த நேரமும் நல்ல சூடும். அதாவது சுடுவது.

சுடுவது நமக்கு இரவல் பழக்கமும் இல்லை. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைக் கரிகாலன் விருந்தாக அளித்ததைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. இடையில் எங்கோ அந்தக் கம்பி நம் வீடுகளைவிட்டு வெளியேறிக் கடை வாசலுக்குப் போய்விட்டது.

தடிமன் என்ற ரகசியம்

வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது கறியின் எடையைவிட அதன் தடிமன்தான். சூடு வெளியிலிருந்து நடுப்பகுதிக்கு நடந்து போக வேண்டும். தடிமன் பாதியானால் அந்த நேரம் பாதியாகக் குறைவதில்லை, ஏறத்தாழ கால்பங்காகக் குறைகிறது. ஒரு முழு நெஞ்சுக்கறியின் தடித்த பக்கம் வேகக் காத்திருந்தால் மெலிந்த பக்கம் காய்ந்துபோகும். அதையே புத்தகம் திறப்பதுபோலக் குறுக்கே கீறி விரித்து, மேலே ஒரு கவரைப் போட்டு, சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு தட்டினால் எல்லா இடமும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

நெஞ்சா, தொடையா என்று கேட்டால் வேலைநாளுக்குத் தொடைக்கறி என்பேன். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. இரண்டு நிமிடம் கவனம் தவறினால் வறண்டுவிடும். தொடைக்கறி பொறுமைசாலி. உள்சூடு 80 டிகிரியைத் தாண்டினாலும் சாறு போகாது, சொல்லப்போனால் அந்தச் சூட்டில்தான் அதன் திசு இளகி இன்னும் மிருதுவாகிறது. ஒரு கையில் பிள்ளையின் கணக்கு நோட்டும் மறு கையில் தோசைத்திருப்பியுமாக நிற்கிறவருக்கு இந்தப் பொறுமை பெரிய உதவி.

செவ்வாய் இரவின் ஐந்து நிமிடம்

கோழியை நான் செவ்வாய்க்கிழமை மாலையே வாங்கிவிடுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். முக்கால் கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு, அதே அளவு மிளகுத்தூள், இரண்டு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, நான்கு டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர், ஒரு ஸ்பூன் எண்ணெய். கடைகளில் பார்க்கும் ரத்தச் சிவப்பு வேண்டாம். காஷ்மீரி மிளகாய் தரும் நிறம் போதும். 2024 ஜூனில் கர்நாடக அரசு கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்தது. வீட்டில் நாமாக அந்தப் பொடியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முதல்நாளே தடவுவது எதற்காக? மசாலா உள்ளே இறங்குவதற்காக என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் மிளகாயும் மிளகும் இஞ்சியும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. இரவு முழுக்கப் பயணம் செய்து கறிக்குள் நன்றாக இறங்குவது உப்புதான். உள்ளே போன உப்பு, வேகும்போது சாறு வெளியேறாமல் பிடித்துவைக்கிறது. தயிரின் மிதமான புளிப்பு மேல்பகுதியை இளக்குகிறது. ஆகவே செவ்வாய் இரவு அசதியாக இருந்தால் கறியில் உப்பை மட்டுமாவது தடவி வைத்துவிடுங்கள். மற்றதை மறுநாள் அடுப்பு பற்றவைக்கும் முன் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சை மட்டும் கடைசியில்தான். ராத்திரியே பிழிந்து வைத்தால் அதன் கடும்புளிப்பில் கறியின் மேல்பகுதி மாவுபோலக் குழைந்துபோகும். சுட்டு இறக்கிய பிறகு பிழிந்தால் வாசம் முழுதாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போக முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வழி ஒன்று உண்டு. இரண்டு கிலோவாக வாங்கி, மசாலா தடவி, மூன்று கவர்களில் பிரித்து, ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகம்போலத் தட்டையாக்கி ஃப்ரீசரில் அடுக்குங்கள். தட்டையாக இருப்பது முக்கியம். உருண்டையாக உறைந்த கறி மணிக்கணக்கில் வெளியே கிடந்தாலும் நடுவில் கல்லாக இருக்கும், அதற்குள் மேல்பகுதி கெடத் தொடங்கும். தட்டையான கவரைக் காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போனால் மாலைக்குள் இளகியிருக்கும். இளகாவிட்டால் கவரைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவையுங்கள். சமையல் மேடையில் காலை முதல் மாலை வரை வெளியே வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் கிருமிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கல் காய வேண்டும்

நல்ல கனமான இரும்புக்கல்லாக இருக்கட்டும். வார்ப்பிரும்பு என்றால் இன்னும் நல்லது. குளிர்ந்த கறி விழுந்தாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. நான்ஸ்டிக் தவாவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அளவு மீறிய சூட்டில் அந்தப் பூச்சு கெடும். எண்ணெய்க்கும் இதே கணக்கு. செக்கெண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும். இந்த ஒரு சமையலுக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் பரவாயில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியில் ஒட்டியிருக்கும் தயிரை விரலால் வழித்துவிட வேண்டும். இங்கேதான் பலருக்குத் தப்புகிறது. மசாலா கெட்டியாக அப்பியிருந்தால் ருசி அதிகம் என்று நினைக்கிறோம். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பொன்னிறமாவதும், நாம் ‘சுட்ட வாசம்’ என்று சொல்வது கிளம்புவதும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம்பிடிக்கும். அந்த வேதிவினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மயார் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஈரக் கறியைக் கல்லில் போட்டால் நடப்பது அவியல். வழித்து, ஒற்றி, மெல்லிய பூச்சாக மசாலா நிற்கும் கறியைப் போட்டால்தான் ‘சுர்’ரென்ற சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் கல் காயவில்லை என்று பொருள். எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

கல் ஐந்து நிமிடம் நடுத்தரத் தீயில் காயட்டும். எண்ணெய் தடவி, துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கி அடைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். முக்கால் கிலோவுக்கு இரண்டு ஈடு ஆகும். வைத்ததும் மேலே ஒரு பட்டர் பேப்பரைப் போட்டு அதன்மேல் கனமான எதையாவது ஏற்றுங்கள். நான் தண்ணீர் நிரப்பிய சின்னக் குக்கரை வைக்கிறேன். ஜார்ஜியா நாட்டில் தபாக்கா என்று ஒரு கோழி உண்டு. முழுக்கோழியைப் பிளந்து விரித்து, சட்டியில் கனத்தை ஏற்றிப் பொரிப்பார்கள். அதே சூத்திரம்தான். கறி முழுவதும் கல்லோடு படிந்து எல்லா இடமும் ஒரேபோல நிறம் பிடிக்கும்.

ஐந்து நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்து உடனே கிளப்பினால்தான் பிய்யும். மேலோடு உருவானதும் கறி தானே கல்லை விடும். திருப்பிப் போட்டு இன்னொரு நான்கு நிமிடம், இப்போது கனம் வேண்டாம். எடுத்துத் தட்டில் ஐந்து நிமிடம் விட்டுவைத்தால் கொதித்துக்கொண்டிருக்கும் சாறு அடங்கும். உடனே வெட்டினால் அவ்வளவும் தட்டில் ஓடிவிடும்.

வெந்ததா என்று அறிய நம்பகமான வழி ஒன்றே. தடித்த இடத்தில் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சமையல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை கோழி சுடும் வீட்டில் அது மிக்சிக்கு அடுத்த அவசியம் என்று நான் நினைக்கிறேன். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இளங்கோழியில் எலும்பை ஒட்டிய பகுதி முழுக்க வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கக்கூடும். மேலே பழுப்பேறியும் நடுவில் பச்சையாக இருக்கவும் கூடும்.

எலும்போடு வேண்டும் என்பவர்களுக்கு

என் மகனுக்கு லெக் பீஸைக் கையில் பிடித்துக் கடித்தால்தான் கறி தின்ற திருப்தி. எலும்புள்ள காலைக் கல்லில் மட்டும் வேகவைக்க முடியாது. அதற்கு எங்கள் வீட்டில் கைகொடுப்பது இட்லிப் பானை. காலில் எலும்பு வரை நான்கு கீறல் போட்டு மசாலா தடவிய துண்டுகளை, குழிவான எவர்சில்வர் தட்டில் அடுக்கிப் பானைக்குள் வைத்தால் இருபது நிமிடத்தில் ஆவியில் வெந்துவிடும். அடுப்பருகே யாரும் நிற்க வேண்டியதில்லை. நான் அந்த நேரத்தில்தான் குளிக்கிறேன். பிறகு ஒற்றியெடுத்து, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் புரட்டினால் மேலே சுட்ட தோல், உள்ளே சாறு. தட்டில் தேங்கும் மசாலா நீரைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் அது ஒரு ரசம். ஜலதோஷக்காரருக்கு அந்த வீட்டில் வேறு மருந்து தேவைப்படாது.

ஏர்ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. 200 டிகிரியில், கீறல் போட்ட கால்கள் இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல். போன்லெஸ் தொடைக்கறிக்குப் பதினைந்து நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஆனால் இந்த ஒரு உணவுக்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டாம். கல் தரும் மேலோட்டை அது தருவதில்லை.

கரியடுப்பு மோகம் உள்ளவர்கள் அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். அடைத்த சமையலறையிலோ ஜன்னல் மூடிய பால்கனியிலோ கரி மூட்டக்கூடாது. அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உயிரைக் குடிக்கும்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்

இவ்வளவு எதற்கு, தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அரைக் கோழி வாங்கிக்கொண்டு போனால் போதாதா? நானும் வாங்கியிருக்கிறேன், இனியும் வாங்குவேன். சுத்தமாகச் செய்யும் கடைகள் நிறைய உண்டு. ஆனால் 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோன செய்தி என்னைவிட்டு அகலவில்லை. அந்தப் பிள்ளையின் வயதை ஒட்டி ஒரு மகள் எனக்கும் இருக்கிறாள். கூட்டம் முண்டும் நேரத்தில் அவசரமாக இறக்கிய கறி, வெயிலில் மணிக்கணக்கில் நின்ற மயோனைஸ். நமக்குத் தெரியாமல் நடக்கும் விஷயங்கள் இவை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது அந்த ஆபத்தை அறிந்துதான்.

வீட்டில் மயோனைஸுக்கு மாற்று மிகச் சுலபம். வடிகட்டிய கெட்டித் தயிரில் இரண்டு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, உப்பு, மிளகு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அடித்தால் போதும். பிள்ளைகள் இதைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

வீட்டுச் சமையலறையும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. அம்மாவுக்குக் கோழியைக் குழாயடியில் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாவிட்டால் மனசு கேட்காது. நாட்டுக்கோழியைப் பொசுக்கி, மஞ்சள் தேய்த்துக் கழுவிய தலைமுறை அது. அந்தப் பழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் கழுவுவதால் கிருமி சாவதில்லை. குழாய்த் தண்ணீர் கறியில் மோதித் தெறிக்கும் துளிகளோடு அது சிங்க்குக்கும், பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தட்டுக்கும், நறுக்கி வைத்த வெள்ளரிக்காய்க்கும் போகிறது. கிருமியைக் கொல்வது சூடு ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறோம். குழாயைத் திறப்பதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள் மெதுவாக அலசி, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை. பச்சைக் கறி இருந்த தட்டில் சுட்ட கறியை வைப்பதில்லை. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறோம்.

யார் சுடுவது?

வீட்டுச் சமையல் என்று எழுதும்போது அது யார் தலையில் விழுகிறது என்பதையும் எழுதியாக வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வேலையில் இறங்கிய ஆண்களின் சராசரிதான். எதையும் தொடாதவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2019 ஆய்வில் இவை 299, 97 என்று இருந்தன. ஐந்து ஆண்டில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களின் பங்கும் கூடவே ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. ஆணாக இதைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுட்ட கோழியை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம். குழம்பு ஒருவர் கைப்பக்குவம், அதைப் பங்குபோட முடியாது. இதைப் பங்குபோடலாம். செவ்வாய் இரவு மசாலா என் வேலை. கல்லும் நான்தான். தயிர்ப் பூண்டு மகளுடையது. மகன் வெங்காயத்தை வட்டம் வட்டமாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசைகிறான். மனைவிக்குப் புதன்கிழமை அடுப்படியில் எந்த வேலையும் கிடையாது. முதலில் அவளுக்கு அது பழகவில்லை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாள். இப்போது செய்தித்தாளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

தொட்டுக்கொள்ளச் சப்பாத்தி போடலாம், எலுமிச்சை சாதம் கிளறலாம். எங்கள் வீட்டில் தோசைதான். கறி இறங்கியதும் கல்லைக் கழுவுவதில்லை. அடியில் பழுப்பேறி ஒட்டியிருக்கும் மசாலாவும் கோழிக்கொழுப்பும் அப்படியே இருக்கும். தீயைக் குறைத்து, அதன்மேல் ஒரு கரண்டி மாவு. அரிசிமாவின் புளிப்பும் அந்த மசாலாவின் காரமும் சேர்ந்து தோசை முறுகலாகக் கிளம்பும்போது கல்லும் பாதி சுத்தமாகியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் உள்ள வீட்டில் இதற்குத் தனிக் கல் வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் வாரம் தள்ளியே உட்கார்ந்திருந்த அம்மா மூன்றாவது வாரம் ஒரு தோசையைக் கேட்டார். கறி இல்லாமல், வெறும் தோசை. இப்போது புதன்கிழமை எட்டரை மணிக்கு நாற்காலியை அடுப்படி வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். நான் கரண்டியைத் தூக்கும்போது கையைக் காட்டுகிறார்:

“நடுவுல ஊத்தாதடா. அந்த ஓரத்துல கறுகறுன்னு ஒட்டியிருக்கு பாரு, அதுக்கு மேல ஊத்து.”